விழாவுக்கு முந்தைய கூட்டம்

(மஞ்சக்குட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அக்கம்பக்கத்து விழாக்கள் மனிதர்களை எப்படி ஒன்று சேர்க்கின்றன என்பது எனக்குத் தந்த பொருள். சுலபமான பொருள்போலத்தான் தோன்றும். விழா என்றால் ஒற்றுமை, ஒற்றுமை என்றால் பலம் என்று நான்கு வார்த்தை பேசிவிட்டுப் பொன்னாடையோடு இறங்கிவிடலாம். ஆனால் தமிழ்நாட்டில் விழாவுக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? ஆடியில் கூழ், ஆவணியில் பிள்ளையார், தையில் பொங்கல், பங்குனியில் உத்திரம், இடையில் காதுகுத்து, பூப்பு நீராட்டு, கட்சி மாநாடு. விழாக்களின் எண்ணிக்கையே ஒற்றுமையைத் தந்துவிடும் என்றால் உலகத்திலேயே ஒற்றுமையான மக்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும். நிலைமை அப்படி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், திருவிழாக் காலத்தில் அமைதிக் கூட்டம் போடுகிற தாசில்தாருக்கும் தெரியும்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். எந்த விழா மனிதர்களைச் சேர்க்கிறது? எது கூட்டத்தைக் கூட்டிவிட்டு அப்படியே கலைந்துபோகிறது? எது சேர்ப்பதுபோலவே இருந்து பிரித்துவிடுகிறது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஊர் ஒன்றாவது விழா நடக்கிற நாளில் இல்லை. அதற்கு முன்னால் நடக்கிற கூட்டங்களில், வரி போட்டு, வேலை பிரித்து, சண்டை பிடித்து, சமாதானம் ஆகிற அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் அது நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் உட்கார யாருக்கு இடம் இருக்கிறதோ அவர்கள் அளவுக்குத்தான் அந்த ஊர் பெரியது.

ஒரே மாதத்தில் இரண்டு விழா

இந்தச் சேர்வராயன் மலைக்கு மே மாதம் இரண்டு பெரிய விழாக்கள் வருகின்றன. ஒன்று அரசு நடத்தும் கோடை விழா. 2024இல் 47ஆவது கோடை விழா நடந்தது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி, கொழு கொழு குழந்தைப் போட்டி, மாலையில் கலை நிகழ்ச்சி. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசைகட்டி ஏறி வருகின்றன. கடைக்காரருக்கு வியாபாரம், விடுதிக்காரருக்கு வருமானம், ஜீப் ஓட்டுகிற தம்பிக்கு நான்கு சவாரி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்த விழாவைத் திட்டமிடுவது தோட்டக்கலைத் துறை, சுற்றுலாத் துறை, மாவட்ட நிர்வாகம். மலையில் இருப்பவர் அதில் வேடிக்கை பார்க்கலாம், வியாபாரம் பார்க்கலாம். விழா முடிந்த மறுநாள் ஒரு மலையூர்க்காரருக்கும் இன்னொரு மலையூர்க்காரருக்கும் இடையில் புதிதாக எதுவும் மிச்சமிருப்பதில்லை. வந்தவர்களை மகிழ்விக்கவே ஏற்பட்ட விழா அது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

இரண்டாவது, சேர்வராயன் கோயில் விழா. 5,326 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். குகை காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சுற்றியுள்ள 67 கிராமத்து மக்களும் கூடுகிற விழா என்று சொல்வது வழக்கம். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்ததாகவும், மூத்தவர் வழி வந்தவர்கள் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் வழி வந்தவர்கள் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் தங்கியதாகவும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அதைப் பதிவு செய்திருக்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3.58 லட்சம் பேர் கொண்ட, தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி இனம் இது. இத்தனை பேரும் ஒரே இடத்தில் வாழவில்லை. நாகலூர் ஒரு சரிவில், வெள்ளக்கடை ஒரு சரிவில், செம்மநத்தம் இன்னொரு பக்கம், மாரமங்கலம் வேறொரு பக்கம். சமவெளியில் பக்கத்து ஊர்க்காரனைப் பார்க்க சைக்கிளை மிதித்தால் போதும். மலையில் எதிர்ச் சரிவில் தெரிகிற வீட்டுக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகலாம். இப்படிச் சிதறி வாழ்கிறவர்களுக்கு 'நாமெல்லாம் ஒருவர்' என்பது தினமும் கண்ணில் படுகிற காட்சி இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கூடிப் பார்த்தால்தான் உண்டு. மலை விழாவுக்குச் சமவெளி விழாவைவிடக் கூடுதல் வேலை இருப்பது அதனால்தான்.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில் இதைப்பற்றி எழுதினார். மனிதர்கள் ஓரிடத்தில் திரளும்போது தனியாக இருக்கையில் இல்லாத ஓர் எழுச்சி அவர்களிடையே உண்டாகிறது, சமூகம் தன்னையே புதுப்பித்துக்கொள்ள அப்படிக் கூடித்தான் ஆக வேண்டும் என்றார். உடுக்கைச் சத்தத்தில் சாமி வந்து ஆடுகிற கூட்டத்தைப் பார்த்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். என் வருத்தம் ஒன்றுதான். துர்க்கைம் பார்த்தது திரண்ட கூட்டத்தை. அந்த எழுச்சி இரண்டு நாளில் வடிந்துவிடும். வடியாமல் நிற்பது எது என்று பார்க்க வேண்டுமானால் கூட்டம் திரளுவதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

வரியும் வழக்கும்

சேலம் பக்கத்து மாரியம்மன் பண்டிகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூச்சாட்டுகிறார்கள், கம்பம் நடுகிறார்கள், காப்புக் கட்டுகிறார்கள். இதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகிற சடங்கு. அதற்கு முன்னால் கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூடத்து மரத்தடியிலோ ஒரு கூட்டம் நடக்கும். குடும்பத்துக்கு எவ்வளவு வரி? பந்தல் யாரிடம் விடுவது? போன வருஷம் மைக்செட்டுக்கு அதிகம் கொடுத்தோமே, இந்த வருஷம் யாரைக் கேட்பது? வெளியூர் போய்விட்ட பங்காளிக்கு வரி உண்டா? புருஷன் செத்துப்போன வீட்டில் முழு வரி வாங்குவது நியாயமா? ஒவ்வொரு கேள்விக்கும் குரல் உயரும். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவார். இன்னொருவர் பின்னாலேயே போய் அவரைக் கூட்டிவருவார்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வெட்டிச் சண்டை. உண்மையில் அங்கே நடப்பது ஒரு நீண்ட பயிற்சி. யார் சொன்னால் யார் கேட்பார், யாரிடம் பணத்தை நம்பிக் கொடுக்கலாம், கோபக்காரரை யார் மூலமாக அணுக வேண்டும், எந்த வீட்டில் கஷ்டம் என்பதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. விழா முடிந்தபின் கணக்கு வாசிக்கிறார்கள் பாருங்கள், கற்பூரத்துக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று, அதுவும் இதே பயிற்சியின் கடைசிப் பாடம். பிறகு ஒருநாள் மண் சரிந்து பாதை அடைபடும்போது, ராத்திரியில் ஒரு பிரசவ வலிக்கு வண்டி வேண்டும் என்னும்போது, யாரை எழுப்புவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

மலையடிவாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சேலம் குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் ஆடிப் பண்டிகையில் வண்டி வேடிக்கை நடக்கும். வேண்டிக்கொண்டவர்கள் சிவனாக, முருகனாக, அம்மனாக வேடம் கட்டிக்கொண்டு, அலங்கரித்த வண்டிகளில் புராணக் காட்சிகளாக நிற்பார்கள். ஒரு காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரியும் டிராக்டரும். நாம் பார்ப்பது ஒரு ராத்திரி வேடிக்கை. அதற்குப் பின்னால் தச்சர், எலக்ட்ரீசியன், ஒப்பனைக்காரர், ஜெனரேட்டர் வாடகைக்காரர், வேடத்துக்குப் பிள்ளையை அனுப்பச் சம்மதித்த தாய் என்று தெரு முழுக்க ஒரு வேலைச் சங்கிலி. எங்கள் வண்டி பக்கத்துத் தெரு வண்டியை மிஞ்ச வேண்டும் என்கிற வீம்பும் உண்டு. அந்த வீம்பு நல்லது. ஒரு தெரு தன்னைத் தெருவாக உணர, பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு தெரு வேண்டியிருக்கிறது.

இன்னொரு வகை விழா, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து. பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும் உண்டு. ஆட்டுக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டவர் மொய் எழுதிவிட்டுப் போவார். எழுதியவர் விருந்து வைக்கும்போது வாங்கியவர் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வங்கியில் ஜாமீன் கேட்பார்கள். இங்கே ஜாமீன், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப்போட்டபோது இந்தச் சுழற்சியும் அடி வாங்கியது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே நேரத்தில் கை காய்ந்தால் இந்த ஏற்பாடு தாங்காது என்பது அப்போது தெரிந்தது. ஆனாலும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒரு விழா அடுத்த சந்திப்புக்கான காரணத்தைத் தன்னோடு கொண்டிருக்க வேண்டும். கைகழுவியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றால் அது வெறும் சாப்பாடு.

இந்த மலையில் காப்பி வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டவே வேண்டாம். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். பார்க்கிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தோட்டக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னாலேயே இன்னொரு மழை வந்தால்தான் காய் பிடிக்கும். விழா முதல் மழை. அதற்குப் பிறகு கூடுகிற கூட்டம் இரண்டாவது மழை.

யாருக்கு வரி இல்லை

இவ்வளவு நேரம் நல்லதையே சொன்னேன். இனி கசப்பானதையும் சொல்லியாக வேண்டும்.

'தலைக்கட்டு வரி' என்கிறோம். திருமணமான ஓர் ஆண், ஒரு தலைக்கட்டு. தனியாக வாழும் பெண்ணுக்குப் பல ஊர்களில் அந்தக் கணக்கில் இடம் கிடையாது. சேரியில் இருப்பவரிடம் வரியே வாங்காத ஊர்கள் உண்டு. ஏழைகள், பாவம், விட்டுவிட்டோம் என்பார்கள். வரி வாங்கினால் கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டும், கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சாமி அவர்கள் தெருவுக்கும் போக வேண்டும். காசை வேண்டாம் என்று சொல்வது சில சமயம் தாராள மனம்போலத் தெரிந்தாலும், ஆளையே வேண்டாம் என்பதற்கு அது நாகரிகமான வழி.

சிவகங்கை மாவட்டம் தேவகோட்டைக்கு அருகில் இருக்கிறது கண்டதேவி. அங்கே சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்ற நான்கு நாட்டாருக்கு மரியாதையும் வடம் பிடிக்கும் உரிமையும் என்பது வழக்கமாக இருந்தது. பட்டியல் இனத்தவரும் வடம் தொட வேண்டும் என்று கேட்டதிலிருந்து தகராறு, வழக்கு, பேச்சுவார்த்தை. பல ஆண்டுகள் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில் பெரிய போலீஸ் பந்தோபஸ்தோடு தேர் மறுபடியும் நகர்ந்தது. பல ஊர்களை ஒரே வடத்தில் சேர்த்த அதே விழாதான், யார் ஊரில் சேர்த்தி, யார் சேர்த்தி இல்லை என்பதையும் வருஷாவருஷம் எல்லோர் முன்னாலும் அறிவித்துக்கொண்டிருந்தது. நெருக்கத்தை உண்டாக்குகிற சக்தி எதற்கு இருக்கிறதோ, விலக்கிவைக்கிற சக்தியும் அதற்கு இருக்கும்.

இது கோயில் வாசலோடு நிற்பதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச் ஆய்வு செய்தார். பேரிடரிலிருந்து மீள்வதற்குப் பணத்தைவிட அக்கம்பக்க உறவு உதவுகிறது என்பது 2012இல் வந்த அவருடைய நூலின் மையக் கருத்து. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த கிராமங்கள் வெளியிலிருந்து வந்த உதவியை விரைவாகப் பெற்று ஒழுங்காகப் பகிர்ந்தன. ஆனால் அந்தப் பஞ்சாயத்தின் கணக்கில் வராதவர்கள், தலித் மக்கள், கணவனை இழந்த பெண்கள் போன்றவர்கள், பல இடங்களில் நிவாரணப் பட்டியலிலும் வரவில்லை என்பதையும் அவர் எழுதினார். யாருக்கு வரி இல்லையோ அவர்களுக்குச் சுனாமி வந்தபோது அரிசியும் இல்லை.

தமிழக அரசு 1997இல் அறிவித்து, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறந்த பெரியார் நினைவு சமத்துவபுரம் இந்த நோயை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. சுவரோடு சுவராகக் குடிவைத்தார்கள். துணிச்சலான முயற்சி. அரசு ஆணையால் பக்கத்துப் பக்கத்தில் வீடு கொடுக்க முடியும். அந்த நூறு வீட்டாரும் சேர்ந்து ஒரு பந்தக்கால் நடுவதற்கு ஆணை போட முடியாது. அதை அவர்களேதான் செய்ய வேண்டும்.

தெரியாதவரோடு ஒரு வேலை

அப்படியானால் ஒரே சாதி, ஒரே குலம், ஒரே சாமி என்று இல்லாதவர்களை எது சேர்க்கும்?

1999இல் பாரிஸ் நகரத்து 17ஆவது வட்டாரத்தில் அத்தனாஸ் பெரிஃபான் என்பவர் ஒரு விழாவைத் தொடங்கினார். அங்கே ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்த மூதாட்டி இறந்துபோய், பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஆள் இருந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அதிர்ந்துபோன அவர் எளிதாக ஒன்று செய்தார். வருஷத்தில் ஒரு மாலை, ஒரு கட்டடத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு வந்து முற்றத்தில் சேர்ந்து சாப்பிடுவது. மேடை இல்லை, தலைவர் இல்லை, பேச்சாளர் இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு அங்கே பிழைப்பே கிடையாது. அந்த அண்டைவீட்டார் விழா இன்று ஐரோப்பாவின் பல நாடுகளில் நடக்கிறது.

இந்தியாவைப் பற்றி இன்னும் நெருக்கமான விடை சொன்னவர் அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே. இந்து முஸ்லிம் கலவரம் சில நகரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது, சில நகரங்களில் வருவதில்லை. ஏன் என்று கேட்டு, அலிகரையும் கோழிக்கோட்டையும், ஐதராபாத்தையும் லக்னோவையும், அகமதாபாத்தையும் சூரத்தையும் இணையிணையாக வைத்து ஆராய்ந்தார். நூல் 2002இல் வந்தது. தெருவில் பார்த்தால் சிரிப்பது, பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பது, பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது எல்லாம் கிராம அளவில் போதுமானதாக இருக்கலாம். நகரத்தில் வதந்தி பரவுகிற ராத்திரியில் அவை தாங்குவதில்லை. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரு தரப்பும் சேர்ந்து நடத்துகிற அமைப்பு இருந்த இடங்களில்தான் அமைதி நின்றது என்றார். பிரியாணி கொடுத்து வாங்குவது நல்லதுதான். ஒரே சங்கத்தின் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதுவது அதைவிடப் பலமானது.

சென்னையில் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய மீனவர் குப்பம் அது. சபாக்களில் மட்டும் கேட்டுப் பழகிய கர்நாடக இசையைக் குப்பத்து மேடையில், பறையோடும் கூத்தோடும் பக்கத்தில் வைத்தார்கள். பாடகர் டி. எம். கிருஷ்ணா அதில் முன்நின்றார். இதனால் என்ன மாறிவிட்டது என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு கச்சேரியால் சாதி போய்விடாது. ஆனால் பக்கத்திலேயே வாழ்ந்தும் அந்தச் சந்துக்குள் காலே வைக்காத நகரவாசிகள் குப்பத்துக்காரர்களோடு உட்கார்ந்து மேடை எங்கே, நாற்காலி எவ்வளவு என்று பேச வேண்டியிருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பேச்சுதான்.

நம் மலைக்கு வருவோம்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதோடு தோட்டம் வந்தது, பங்களா வந்தது, லைன் வீடுகள் வந்தன, சமவெளியிலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பிறகு கன்னியர் மடத்துப் பள்ளி, 1917இல் மான்போர்ட் பள்ளி, ஓய்வுபெற்று வந்தவர்கள், விடுதிகள், இப்போது வார இறுதி வீடுகள். ஒரே மலையில் இத்தனை வகை மனிதர்கள். மலையாளி மக்களுக்குச் சேர்வராயன் விழாவும் தைப் பொங்கலும். எஸ்டேட்டில் அவரவர் கொண்டுவந்த மாரியம்மனும் மாதா கோயிலும். பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா. விடுதிக்காரருக்குக் கோடை விழா. ஒவ்வொருவருக்கும் ஒரு விழா இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து பொறுப்பெடுத்து நடத்துகிற விழா எது? வாரச் சந்தையில் எல்லோரும் சேர்கிறார்கள் என்பீர்கள். சேர்கிறார்கள், விலை பேசுகிறார்கள், பை நிறைந்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

சட்டம் இதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அந்தக் கிராம சபையின் உறுப்பினர். மலையாளிக் கவுண்டரும், லைன் வீட்டில் இருக்கும் அம்மாவும், பெட்டிக்கடைக்காரரும், இங்கே ஓட்டு இருந்தால் பங்களாக்காரரும் அதில் சமம். தலைக்கட்டுக் கணக்கு கிடையாது. பதினெட்டு வயது நிறைந்து பட்டியலில் பெயர் வந்த பெண் பிள்ளைக்கும் அதே இடம். இந்த மலையில் பிறப்பையும் பணத்தையும் கேட்காமல் எல்லோரையும் உட்கார வைக்கிற ஒரே கூட்டம் இதுதான். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு நான்காக இருந்த கிராம சபை நாட்களை 2022இல் ஆறாக்கினார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தாக வேண்டும் என்று வரம்பும் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளோ இன்னும் ஒரு படி மேலே போய், பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன.

நடைமுறை உங்களுக்குத் தெரியும். தீர்மான நோட்டு, கையெழுத்து, நூறு நாள் வேலையைப் பற்றி நான்கு கேள்வி, டீ, பிஸ்கட். யாருக்கும் அது நம்முடையது என்ற எண்ணம் வருவதில்லை. காரணம், அது மனுக் கொடுக்கிற இடமாக மட்டும் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு விழாவைக் கட்டலாம் என்பது என் யோசனை.

ஆறு நாளையும் விழாவாக்கச் சொல்லவில்லை. நம் மலையின் நாட்காட்டியைப் பாருங்கள். ஜனவரி 26, காப்பிப் பழம் பறிக்கிற காலம், ஆள் கிடைக்காது. ஆகஸ்டில் மழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மார்ச் 22, தண்ணீர் நாள். கோடை தொடங்கி ஊற்றுகள் இளைக்கிற நேரம். மே 1, தொழிலாளர் விடுமுறை. பள்ளிப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். ஆகவே இரண்டு போதும். மார்ச்சில் ஒரு வேலை, மே முதல் நாளில் ஒரு விருந்து. மார்ச்சில் ஊற்றையும் குட்டையையும் சேர்ந்து தூர்வாருவது. மே மாதத்தில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சபையில் உட்காருவது.

நடத்துகிற முறையைப் பற்றிச் சில வார்த்தை. முந்தைய கூட்டம் மூன்று வாரத்துக்கு முன்னால் நடக்கட்டும். ஒரே இடத்தில் வேண்டாம், ஒரு தடவை மலையூரில், ஒரு தடவை லைன் வீடுகளின் முன்னால். கடைசிப் பஸ் போவதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள், பெண்கள் வராவிட்டால் கணக்குச் சரியாக இருக்காது. வரி உண்டு, எல்லோருக்கும் ஒரே தொகை, யாருக்கும் தள்ளுபடி இல்லை; தொகை மட்டும் மிக ஏழ்மையான வீடும் தலைநிமிர்ந்து கொடுக்கிற அளவில் இருக்கட்டும். பெரிய நன்கொடை தருகிறேன், என் பேனரைக் கட்டுங்கள் என்று யார் வந்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பணம் அதிகமாக வந்தால் வேலை குறைந்துவிடும், வேலை குறைந்தால் ஆட்கள் வெறும் விருந்தாளிகளாகிவிடுவார்கள்.

வேலைப் பட்டியலைத் தெரிந்தவரும் தெரியாதவரும் சேருகிறபடி போடுங்கள். சாமைச் சோறு வடிக்கத் தெரிந்த மலையூர்ப் பாட்டியோடு, குழம்பு கூட்டுகிற எஸ்டேட் அக்கா. பந்தல் போடுகிற தம்பியோடு, விடுதியில் வேலை செய்கிற வடமாநிலத்துப் பையன். அவனுக்கு இங்கே ஓட்டு இல்லை; கையெழுத்துப் போட முடியாது, காய் நறுக்க முடியும். ஊருக்குக் கடைசியாக வந்தவருக்கு முதல் வேலை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சண்டை வரும். வரட்டும். சமைக்கிறதில் வந்த சண்டையைத் தீர்த்துப் பழகியவர்கள்தான் தண்ணீரில் வரும் சண்டையைத் தீர்ப்பார்கள்.

ஒரு மாதத்துக்குள் மறுபடியும் கூடுங்கள். கணக்கு வாசியுங்கள், பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். கையிருப்பில் என்ன செய்வது என்று அங்கேயே முடிவெடுங்கள். சரிந்த பாதைக்கு நான்கு கல் படியா, நூலகத்துக்கு ஓர் அலமாரியா, உங்கள் விருப்பம். அந்த வேலை முடியாமல் அடுத்த விழாவைப் பற்றிப் பேச வேண்டாம்.

இது ஊரைச் சொர்க்கமாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. கூலி உயராது, பட்டா வராது, ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிடாது. அவற்றையெல்லாம் கேட்டு வாங்கச் சேர்ந்து நிற்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். சேர்ந்து நிற்பது சொல்லிக் கொடுத்து வருகிற குணம் இல்லை, பழக்கம். பழகுவதற்கு, தோற்றாலும் பெரிய நஷ்டம் இல்லாத ஒரு சின்னக் காரியம் வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டைவிடப் பொருத்தமான காரியம் எனக்குத் தோன்றவில்லை.

இனி ஒரு விழா நன்றாக நடந்ததா என்று யாராவது கேட்டால், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாதீர்கள். போன வருஷம் விருந்தாளியாக வந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் கரண்டி பிடித்தார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் ஊர் வளர்கிறது. அப்படியே நின்றுவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடாமல் விட்டோம் என்று யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.